கைவைக்கப்படாத கதவு

மிட்ராண்டில் இருக்கும் கொக்குக்கரை எஸ்டேட்டில் ஆறு வருடமாக ஒரு திருட்டும் நடக்கவில்லை. வேறு இடமாக இருந்தால் இதற்குச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். கொக்குக்கரையில் கொக்கும் கிடையாது, கரையும் கிடையாது. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், சுற்றிலும் ஒரு மின்வேலி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாதுகாப்புக் குழு, அவ்வளவுதான். திருடனே வராத இடத்தில் பாதுகாப்புக் குழு எத்தனை நாள்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்? ஆகவே அது கதவைக் காக்கும் கருவியைக் காக்கத் தொடங்கியது.

கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தீப்பெட்டி அளவில், கம்பி இணைப்பே இல்லாத இரண்டு வெள்ளைத் துண்டுகள். காந்தம் இருக்கும் துண்டு கதவில், சென்சார் இருக்கும் துண்டு நிலைச்சட்டத்தில். கதவு திறந்தால் இரண்டும் விலகும், கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். சென்சாரின் மூடிக்கு உள்ளே ஒரு குட்டி ஸ்பிரிங் உண்டு. யாராவது மூடியைக் கழற்றினாலோ, சென்சாரைப் பெயர்த்தாலோ அது விடுபட்டு ஊரையே கூப்பிடும். அலாரத்தை அணைத்து வைத்திருந்தாலும் கூப்பிடும். இதற்குக் குழு வைத்த பெயர் 'கைவைப்பு'. எஸ்டேட்டின் விதிப்புத்தகத்தில் திருட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. கைவைப்பைப் பற்றி நாற்பத்து மூன்று பக்கம்.

நூற்று நாற்பத்தேழாம் எண் வீட்டுக்காரர் பெக்கி ஸுங்கு அந்த நாற்பத்து மூன்று பக்கத்தையும் மதித்து நடந்தவர். முப்பத்தோரு வருடம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். சிவப்பு விளக்கு எரிந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பியே தலை நரைத்தவர். அவருடைய வீட்டில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை கைவைப்பு நடந்தது.

காரணம் கல்யாணம். ஸுங்குவின் மகள் நொந்தோபெக்கோவைக் கேட்டு, லுங்கெலோ சிபியா என்கிற பையனின் வீட்டார் சனிக்கிழமை விடியற்காலையில் வருவதாக இருந்தது. வருபவர்கள் பெண் வீட்டு வாசலில் நின்று, அந்தக் குலத்தின் புகழ்ப்பெயர்களை உரக்கச் சொல்லி, உள்ளே வர அனுமதி கேட்க வேண்டும். பெண் வீட்டார் கொஞ்ச நேரம் காது கேட்காத மாதிரி இருக்க வேண்டும். அப்படிக் காக்க வைத்தால்தான் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை.

ஆனால் பெண் வீட்டார் காக்க வைப்பது வேறு, காவல்காரன் காக்க வைப்பது வேறு. போன மாதம் பையனின் பெரியப்பா, கிழவர் சிபியா, நொங்கோமாவிலிருந்து ஆறு மணி நேரம் பயணம் செய்து வந்தார். எஸ்டேட் பிரதான வாசலில், உள்ளே வரத் தட்ட வேண்டிய விருந்தினர் எண் வேலை செய்யவில்லை. மூன்று மணி நேரம் காருக்குள் உட்கார்ந்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். போகும்போது பையனிடம் ஒன்றே ஒன்று சொன்னாராம்: "இன்னொரு தடவ வர்றேன். அதுக்கப்புறமும் அந்த வீட்டுக் கதவு நமக்குத் திறக்கலைன்னா, அந்த வீட்டுக்கு நாம வேணாம்னு அர்த்தம்."

கிழவர் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். நொந்தோபெக்கோ அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவள் அம்மா மாந்துலி வேறு மாதிரி. கவலை வந்தால் வீட்டுக்கு வெள்ளையடிப்பாள். ஃபானி என்கிற பெயிண்டரைக் கூப்பிட்டு, முன்கதவையும் நிலையையும் புதுசாக்கச் சொன்னாள்.

ஃபானி சுத்தமான வேலைக்காரன். மற்றவர்களாக இருந்தால் சென்சாரைச் சுற்றிப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவன் மூடியைக் கழற்றி, துணியால் துடைத்து, ஜன்னல் விளிம்பில் பத்திரமாக வைத்தான். அந்தக் கணத்திலிருந்து வீடு அலறியது.

ஸுங்குவின் தொலைபேசியும் அடித்தது. பேசியது கட்டுப்பாட்டு அறைப் பெண்.

"கைவைப்பு வந்திருக்கு, ஸுங்கு ஐயா. உங்க ரகசியச் சொல்லு?"

"நீலக்குதிரை. பெயிண்ட் அடிக்கிற பையன் தெரியாம கழட்டிட்டான்மா. ஒண்ணுமில்ல."

"சொல்லு சரிதான். ஆனா கைவைப்பு நேரத்துல சரியான சொல்லு சொன்னா, திருடன் உங்கள மிரட்டிச் சொல்ல வைக்கிறான்னு எடுத்துக்கணும். ரெண்டு வண்டி வருது."

"தப்பாச் சொல்லியிருந்தா?"

"அப்பவும் ரெண்டு வண்டிதான் ஐயா."

"பேசாமலே இருந்திருந்தா?"

"மூணு. பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்."

இரண்டு வண்டிகள் வந்தன. குண்டு துளைக்காத சட்டை போட்ட நான்கு பேர் இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவன் ஸ்கும்பூஸோ, நல்ல பையன், வாசலில் காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தான். பெயிண்ட் டப்பாவையும் ஃபானியையும் மாறி மாறிப் பார்த்தான். மூடியை மாட்டச் சொன்னான். அலறல் நின்றது. பிறகு பையிலிருந்து ஒரு மஞ்சள் நாடாவை எடுத்து, கதவையும் நிலையையும் சேர்த்து ஒட்டினான். அதில் 'கைவைக்கப்பட்ட கதவு. கைவைக்காதீர்' என்று எழுதியிருந்தது.

"விசாரணை முடியற வரைக்கும் இந்தக் கதவத் திறக்கக் கூடாது, பாபா."

"எவ்வளவு நாளாகும் தம்பி?"

"நாளைக்கு டெக்னீஷியன் வருவார். அவர் பார்த்தா தெரியும்."

மாந்துலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "சனிக்கிழம பொண்ணு கேட்டு வர்றாங்க. அவங்கள எந்த வழியாக் கூட்டிட்டு வர்றது, புகைபோக்கி வழியாவா?"

"சமையக்கட்டுக் கதவு நல்லா இருக்கு மாமா," என்றான் அவன். மாமா என்றால் அங்கே அம்மா, பாபா என்றால் அப்பா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. அவனும் ஸுலு வீட்டுப் பிள்ளை. சம்பந்தம் பேச வருபவர்களைக் குப்பைக்கூடையைத் தாண்டி, பாத்திரம் கழுவும் தொட்டியை ஒட்டி அழைத்து வருவது எவ்வளவு அழகு என்று அவனுக்குத் தெரியாதா? தொப்பியைச் சரி செய்துகொண்டு போய்விட்டான்.

புதன்கிழமை டெக்னீஷியன் வந்தார். மெலிந்த, மனசாட்சியுள்ள மனிதர். நாடாவுக்குப் பக்கத்தில் நின்று சென்சாரை வெகுநேரம் பார்த்தார்.

"ஸ்பிரிங் சரியா உக்காந்திருக்கான்னு பாக்கணும். பாக்கணும்னா மூடியத் திறக்கணும்," என்றார்.

"திறங்க."

"திறந்தா அது கைவைப்பு."

"அப்ப திறக்காதீங்க."

"திறக்காம எப்படி அறிக்கை எழுதறது?"

அவர் திறந்தார். வீடு அலறியது. இரண்டு வண்டிகள் வந்தன. ஸ்கும்பூஸோ மிகவும் வருத்தத்தோடு டெக்னீஷியனைப் புல்வெளியில் உட்கார வைத்தான். எஸ்டேட்டில் கைவைத்தவர்களை விசாரிக்க வேண்டியவர் டெக்னீஷியன்தான் என்பதால், படிவத்தை அவர் கையிலேயே கொடுத்தார்கள். ஸுங்கு அவருக்குத் தேநீர் கொண்டு போனபோது அவர் நேர்மையாக நிரப்பிக்கொண்டிருந்தார். சந்தேக நபர்: நான். நேரில் கண்ட சாட்சி: நான். இருவர் வாக்குமூலமும் ஒத்துப்போகின்றனவா: பெரும்பாலும். சந்தேக நபர் ஒத்துழைத்தாரா என்ற கேள்வியில் வந்து நின்று, தேநீரைக் குடித்து முடிக்கும் வரை யோசித்தார்.

"ரெண்டாவது கைவைப்பு ஆயிடுச்சு. இனிமே இது குழுவுக்குப் போகும்," என்று எழுந்தார். "மன்னிச்சுக்குங்க. மூடிய மறுபடி மாட்டிட்டேன். விளக்கு பச்சை. ஸ்பிரிங் ரொம்ப நல்லா இருக்கு."

வியாழக்கிழமை மாலை கிளப் கட்டடத்தில் விசாரணை. ஸுங்கு கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். நீண்ட மேசைக்குப் பின்னால் குழுத் தலைவர் திரு. மொகோட்டோ உட்கார்ந்திருந்தார். ஏதோ ஓர் இலாகாவில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்குத் துணை, எதை இயக்கினார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"நண்பர்களே, ஆறு வருஷமா இங்க ஒரு திருட்டு கிடையாது. சாதாரண மனுஷன் இதப் பார்த்து நிம்மதியாத் தூங்குவான். நான் தூங்கல. என் வீட்டுல கேட்டுப் பாருங்க. ஏன்? திருடன் வரலைன்னா அவன் யோசிச்சிட்டிருக்கான்னு அர்த்தம். நாம யோசிக்கிறத விட அதிகமா யோசிக்கிறான். அது ஒண்ணும் கஷ்டமில்ல."

தலைகள் ஆடின.

"பலர் கேக்கறாங்க, வீட்டக் காக்கத்தானே குழுன்னு. வீட்டக் காக்கறது வீட்டுக்காரன் வேலை. கதவக் காக்கறது பூட்டோட வேலை. பூட்டுக்குக் காவல் சென்சார். சென்சாருக்கு யாரு காவல்? நாம. இந்த மூடி இருக்கே, இந்த மூடி மேல ஒரு விரல் படாத வரைக்கும் இந்த எஸ்டேட் பத்திரமா இருக்கு. மத்தபடி உள்ள என்ன நடக்குதுங்கறது தனிப்பட்ட விஷயம். அதுல தலையிட நமக்கு அதிகாரம் இல்ல, ஆர்வமும் இல்ல."

ஸுங்கு எழுந்தார். "ஐயா, சனிக்கிழம என் பொண்ணக் கேட்டு வர்றாங்க. பையனோட பெரியப்பா ஏற்கெனவே ஒரு தடவ வாசலோட திரும்பிப் போனவர். இந்தத் தடவ கதவு திறக்கலைன்னா சம்பந்தம் முறிஞ்சிடும். ஒரே ஒரு காலை, ரெண்டு மணி நேரம் அந்த நாடாவ எடுத்துக் கொடுங்க. சாயங்காலம் நானே ஒட்டிடறேன்."

"வலிக்குது, ஸுங்கு," என்றார் மொகோட்டோ. "ஒரு தகப்பனா எனக்கு வலிக்குது. எனக்கு வலிச்சதுங்கறத நடவடிக்கைக் குறிப்புலயும் எழுதச் சொல்றேன். ஆனா ரெண்டு கைவைப்புக்குப் பதினாலு நாள் கண்காணிப்பு. அதுக்கு முன்னாடி அந்தக் கதவு அசையக் கூடாது."

அப்போது ஸ்கும்பூஸோ மூச்சு வாங்க உள்ளே வந்தான். "ஐயா, கிளப்புக்குப் பின்னாடி ஷெட்டுல நிறுத்தியிருந்த புல்வெட்டும் வண்டியக் காணோம்."

மொகோட்டோ பேனாவைக் கீழே வைத்தார்.

"ஷெட்டோட சென்சார்?"

"நல்லா இருக்கு ஐயா."

"மூடி?"

"யாரும் தொடல. ஷெட்டுக் கதவ மூடாமத்தான் வச்சிருந்தோம். எடுத்துட்டு நடந்து போயிருக்காங்க."

மொகோட்டோவின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "நல்ல வேளை. அப்ப கைவைப்பு இல்ல. புல்வெட்டும் வண்டி இடம் மாறியிருக்குன்னு எழுதிக்கோ. ஒரு நிமிஷம் என்னப் பதற வச்சுட்ட."

ஸுங்கு அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தார். முப்பத்தோரு வருடம் சிக்னலைப் பார்த்து ஓடிய மூளைக்குள் ஏதோ ஒரு தண்டவாளம் மெல்ல நகர்ந்தது.

"ஐயா, ஒரே ஒரு சந்தேகம். நாடா கிழியல. மூடி தொடப்படல. காந்தமும் சென்சாரும் விலகல. அப்படின்னா என் மேல ஏதாவது தப்பு வருமா?"

"தப்பா? அப்படி ஒரு கதவத்தான் நான் ஆறு வருஷமாத் தேடிட்டிருக்கேன்."

"இதையும் குறிப்புல எழுதிக்கலாமா ஐயா?"

எழுதிக்கொண்டார்கள். ஸுங்கு ஒரு நகல் வாங்கி மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஃபானியை வரவழைத்தார். அவன் மேல் மாந்துலிக்கு இருந்த கோபத்துக்கு அவனை வீட்டுக்குள் விட்டதே அதிசயம். ஸுங்கு நிலைச்சட்டத்தைக் காட்டினார்.

"கதவத் திறக்காம, இதக் கதவோட சேர்த்து முழுசாக் கழட்ட முடியுமா?"

ஃபானி உள்பக்கம் போய் நிலையை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். பிறகு பரிதாபமாகச் சிரித்தான்.

"பாபா, இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இந்த நிலை நாலே நாலு திருகாணியில நிக்குது. ரெண்டு துருப்பிடிச்சிருச்சு. மிச்சத்தப் பிடிச்சிட்டிருக்கிறது நான் அடிச்ச பெயிண்ட்தான்."

இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளையும் கட்டியவர் ஒரே காண்டிராக்டர்தான். ஆனால் திருகாணி குழுவின் பொறுப்பில் வராது.

"ராத்திரி முழுக்க வீட்டத் திறந்து போட்டுட்டு உக்காந்திருக்கணுமா? எனக்குப் பைத்தியம் பிடிக்கல," என்றாள் மாந்துலி. "அவங்க வாசல்ல வந்து நின்ன பிறகு கழட்டுங்க. எப்படியும் காக்க வைக்கணும்ல."

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கிழவர் சிபியாவும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். நொந்தோபெக்கோ விருந்தினர் எண்ணை மூன்று தடவை அனுப்பி, தொலைபேசியில் அழைத்துப் படித்தும் காட்டியிருந்தாள். பிரதான வாசல் திறந்தது. வீட்டுக்கு முன்னால் ஆளுயர வேலிச்செடி. அதற்கு அந்தப் பக்கம், சின்ன கேட்டில் மூவரும் நின்றார்கள். கிழவரின் குரல் எழும்பியது.

"மான்சினி. குவாபினி. ஹமாஷே. இந்த வீட்ட வணங்கி நிக்கறோம். உங்க தோட்டத்துல ஒரு பூ பார்த்தோம்."

உள்ளே ஸுங்குவும் ஃபானியும் மண்டியிட்டு முதல் திருகாணியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். வழக்கப்படி பெண்ணின் தகப்பன் வந்தவர்கள் கண்ணில் படவே கூடாது. பேசுவதெல்லாம் ஸுங்குவின் அண்ணன் வுசுமுசியின் பொறுப்பு. அவரோ சோபாவில் சாய்ந்து, காது கேட்காதவராக நடிக்கும் கடமையை ஆனந்தமாகச் செய்துகொண்டிருந்தார்.

"ரெண்டாவது திருகாணி சுத்துது, ஆனா வெளிய வரல," என்று கிசுகிசுத்தான் ஃபானி.

"நிதானமாப் பண்ணு," என்றார் அண்ணன். "வெளிய நல்லாத்தான் சொல்லிட்டிருக்கார். எங்க தாத்தாவுக்குத் தாத்தா பேரெல்லாம் வருது."

நூற்று நாற்பத்தொன்பதாம் வீட்டு அம்மாள் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு வாசலில் மூன்று ஆண்கள் சத்தம் போடுகிறார்கள் என்றாள். எந்த மூடியையாவது தொட்டார்களா என்று அறையில் கேட்டார்கள். இல்லை என்றதும் ஒரே ஒரு வண்டியை அனுப்பினார்கள். ஸ்கும்பூஸோ இறங்கி வந்து, நிலைமையைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மூவருக்கும் பின்னால் நான்காவது ஆளாக நின்றான்.

நாற்பது நிமிடத்தில் நிலை அசைந்து, பூட்டிய கதவு, நாடா, காந்தம், சென்சார் எல்லாவற்றோடும் ஒரே துண்டாக உள்பக்கம் வந்தது. அதைப் பக்கவாட்டில் சாய்த்து, தூங்கும் குழந்தையைப் போல அணைத்து, சமையலறை வழியாகப் பின்கட்டுக்குக் கொண்டு போனார்கள். மாந்துலி இரண்டு பீர் கிரேட்டுகளை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தாள். கதவைப் படுக்க வைத்ததும் துணியை விரித்து, ரொட்டித் தட்டுகளை அடுக்கினாள்.

"அந்த மூலையில மட்டும் எதையும் வைக்காதீங்க," என்றார் ஸுங்கு. சுவரில் இருந்த அலாரப் பெட்டியில் விளக்கு பச்சையாக எரிந்தது. அவர் ஓடிப்போய்ப் படுக்கையறையில் ஒளிந்துகொண்டார். தலை முழுக்கக் காரைத்தூள், சட்டைப்பையில் நான்கு திருகாணிகள்.

அண்ணன் வுசுமுசி அப்போதுதான் காது கேட்டவராக எழுந்து போய் வந்தவர்களை அழைத்தார்.

ஸ்கும்பூஸோ கண்காணிப்புப் படிவத்தோடு பின்கட்டுக்கு வந்தான். கதவைப் பார்த்தான். மாந்துலியைப் பார்த்தான். நாடா கிழிந்திருக்கிறதா: இல்லை. மூடி திறந்திருக்கிறதா: இல்லை. கதவு மூடியிருக்கிறதா? துணியைத் தூக்கி, பிடியை மெல்ல அழுத்திப் பார்த்தான். மூடியிருக்கிறது. கதவு எங்கே இருக்கிறது என்று படிவத்தில் கேள்வி இல்லை. கையெழுத்துப் போட்டான். மாந்துலி ஒரு துண்டு இறைச்சியை ரொட்டியில் வைத்து அவன் கையில் திணித்தாள்.

ஸுங்கு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். கூடத்தில் பேச்சு நடப்பது தெரிந்தது, என்ன பேச்சென்று தெரியவில்லை. கிழவர் அந்த ஓட்டையைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? கதவு திறக்கவில்லை என்றால் சம்பந்தம் இல்லை என்றவர், கதவே இல்லை என்றால் என்ன சொல்வார்? அதை யோசிக்காமல் விட்டோமே என்று சட்டைப்பையில் இருந்த திருகாணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி நடுங்கியது.

"ஸுங்கு, நான் மொகோட்டோ. கட்டுப்பாட்டு அறையிலதான் இருக்கேன். உங்க முன்கதவு நாலு நாளா ஒரு மில்லிமீட்டர் கூட அசையல. பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு. மத்த வீட்டுக்காரங்களக் கூட்டிட்டு வந்து காட்டலாமான்னு யோசிக்கிறேன்."

"இன்னொரு நாள் ஐயா," என்றார் ஸுங்கு தாழ்ந்த குரலில்.

ஏழரை மணிக்கு அண்ணன் வந்து கூப்பிட்டார். பேச்சு முடிந்தால்தான் பெண்ணின் தகப்பனை அழைப்பார்கள். ஸுங்கு தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனார். நொந்தோபெக்கோ போர்வை போர்த்தித் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை.

கிழவர் சிபியா எழுந்து நின்றார். வாசல் இருக்க வேண்டிய இடத்தில் சூரியன் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"ஸுங்கு, நான் இந்த ஊருக்கு நாப்பது வருஷமா வந்து போறேன்," என்றார். "வேலி பார்த்திருக்கேன், மின்கம்பி பார்த்திருக்கேன். நாயி, காமெரா, துப்பாக்கி வச்ச ஆளு எல்லாம் பார்த்திருக்கேன். போன மாசம் கோவத்துல, கதவு திறக்கலைன்னா வர மாட்டேன்னு சொன்னேன். அது உங்க காதுக்கு வந்திருக்கு போல. இன்னிக்கு வந்து பார்த்தா நீங்க எங்களுக்காகக் கதவையே எடுத்துட்டீங்க. என் வயசுல இப்படி ஒரு மரியாதைய யாரும் எனக்குப் பண்ணதில்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. ஸுங்கு உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். மாந்துலி யாரும் பார்க்காமல் அவர் காலை மிதித்தாள். அவர் மகளைப் பார்த்தார். நொந்தோபெக்கோ போர்வைக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, பல நாளுக்குப் பிறகு வாய் நிறையச் சிரித்தாள்.

"கதவு இருந்தா தட்டிட்டு நிக்கணும்," என்றார் ஸுங்கு. "நீங்க தட்டிட்டு நிக்க வேண்டியவங்க இல்ல."

பின்கட்டிலிருந்து பெண்கள் குலவையிட்டார்கள். கொக்குக்கரை கட்டுப்பாட்டு அறையின் ஏட்டில் அந்த நேரத்துக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறது: ஏழு நாற்பது. வீட்டு எண் நூற்று நாற்பத்தேழு. முன்கதவு மூடியே இருக்கிறது. உள்ளே யாரும் வரவில்லை.